முடிவு ஜெபத்துக்கு முன்னால்

அவள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. பெரிய வெள்ளி ஆராதனையில் மூன்றாம் வார்த்தை முடிந்து ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டபோது எப்சியும் போட்டாள். மற்றவர்கள் எழுந்து, பாட்டுப் பாடி, உட்கார்ந்து, நாலாம் வார்த்தையின் பிரசங்கமும் முடியப்போகிறது. அவள் மட்டும் முன் பெஞ்சின் முதுகில் நெற்றியைப் பதித்தபடி அப்படியே கிடந்தாள். சேலை முக்காடு நழுவிப் பின்கழுத்து தெரிந்தது. அருமைநாயகம் வெளியே கஞ்சி அடுப்படியில் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே பார்த்தார். பெரிய வெண்கல வார்ப்பிலிருந்து ஆவி எழும்பி அவருக்கும் கோயில் பக்கவாசலுக்கும் நடுவில் ஒரு திரையாக நின்றது. காற்றடித்தால் விலகும், மகள் தெரிவாள். காற்று நின்றால் மறைந்துபோவாள். அந்த இடைவெளியில் அவள் அசைந்தாளா, அசையவில்லையா? அசைந்தது போலத்தான் இருந்தது. இல்லை, அது பக்கத்திலிருந்தவளின் விசிறி. அடுப்பை இந்த வருஷம் வேப்பமரத்தடியிலிருந்து பெண்கள் பக்கவாசலுக்கு நேரே தள்ளிப் போட்டதற்குச் சபைச் செயலாளர் முணுமுணுத்தார், புகை கோயிலுக்குள் போகும் என்று. போகட்டும் என்றார் அருமைநாயகம். ஏன் இங்கே போடுகிறார் என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? உள்ளே என் மகள் இருக்கிறாள், உங்களை நம்பி அவளை விட முடியாது, நீங்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறவர்கள் என்று? சொல்லியிருக்க மாட்டார். வாய்க்குள் வந்ததை விழுங்கியே பழகிவிட்டது. குருணை மலர்ந்து, சிறுபயறு தோல் கழன்று மேலே மிதந்தது. இனித் துடுப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடியில் பிடிக்கும். கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய் வழியாக யாரோ ஒரு வாத்தியார், தேவன் கைவிட்டாரா இல்லையா என்பதை மூன்று பாகமாகப் பிரித்து விளக்கிக்கொண்டிருந்தார். கைவிட்டது போலத் தோன்றுவது வேறாம், கைவிடுவது வேறாம். மத்தியான வெயிலில் அந்தக் குரல் தயாபுரம் முழுவதும் தகரத்தைத் தட்டுவது போல விழுந்துகொண்டிருந்தது. எப்சி, அசையேன். ஒரு கையையாவது எடுத்து முக்காட்டைச் சரி செய்யேன்.

காலையிலேயே சொன்னார். நேற்று ராத்திரி சாப்பிடும்போதும் சொன்னார். அவள் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கியதுமே, இந்தத் தடவை நீ விரதம் இருக்கக் கூடாது என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்னால். அவளுக்கும் அம்மாவைப் போலவே சர்க்கரை. பிரசவத்தில் வந்தது போகும் என்றார்கள், போகவில்லை. மாத்திரை விழுங்கினால் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் மாத்திரை விழுங்கக் கூடாது, இவ்வளவுதான் விஷயம், இதைப் புரிந்துகொள்ள வேதபாடசாலையில் படிக்க வேண்டியதில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில், அம்மா செத்த நாள்லயாப்பா நான் இட்லி திங்கணும், ஊர் என்ன சொல்லும் என்றாள். ஊர். அவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே காது சுடும். ஊர் என்ன சொல்லும் என்று உன் அம்மாவைக் கேட்டுப்பார் என்று கத்திவிட்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு இருவரும் பேசவில்லை. விடியுமுன்னே அடுப்பு மூட்ட வரவேண்டியிருந்ததால், ஆறு இட்லி அவித்து, மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்து, தட்டால் மூடி மேசைமேல் வைத்தார். பெண்டாட்டி போனபின் கற்றுக்கொண்ட சமையல். கல் போலத்தான் வரும் இட்லி. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றபோது எப்சி அடுக்களைக்குள் போய், அவர் பார்க்கும்படியாகவே, ஒரு செம்புத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினாள். தட்டைத் திறக்கவில்லை. நான் விழுங்கிட்டேன், இப்ப என்ன செய்வீங்க என்பது போல ஒரு பார்வை. அது அவள் அம்மா நவமணியின் பார்வை. நவமணி அப்படிப் பார்க்கும்போது அவருக்குச் சிரிப்பு வரும். மகள் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு படி இறங்கினார். அந்தத் தட்டை அவள் திறந்தாளா? திறந்திருக்க மாட்டாள். அவளுக்கு வீம்பு. அந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் பதில் அவருக்கே தெரியும். மாத்திரை உள்ளே போய் எத்தனை நேரமாயிற்று, அது வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சாப்பாடு எங்கே சாப்பாடு எங்கே என்று தேடிக்கொண்டு... துடுப்பு நின்றுவிட்டது. கூட வேலைக்கு நின்ற யோபு, அண்ணாச்சி கிண்டுங்க என்றான். கிண்டினார்.

நவமணி செத்த அன்றைக்கும் இதே வார்ப்புதான். வேப்பமரத்தடியில், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தார். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. குழாயில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே பயறும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் போட்டார். ஏழாம் வார்த்தை முடிந்து, குருவானவர் முடிவு ஜெபம் ஏறெடுத்து, மணி அடித்து, ஜனம் வெளியே வந்து வரிசையில் நின்றது. முதல் தம்ளர் எப்போதும் நவமணிக்கு. அது யாரும் போட்ட சட்டமில்லை, கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படி. அவள் வந்து, என்ன வேய் இந்த வருஷமும் உப்பு இல்லையா என்று கேட்பாள். கஞ்சி கிண்டுகிறவனும் விரதம், ருசி பார்க்கக் கூடாது, கண்ணாலும் மூக்காலும் பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும் என்று இந்தச் சபையில் ஒரு வழக்கம், அதனால் ஒரு வருஷம் கரிக்கும், ஒரு வருஷம் சப்பென்று இருக்கும். தம்ளரை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார். காணோம். காலணி தேடுகிறாள் என்று நினைத்தார். யாருடனாவது பேசிக்கொண்டு நிற்பாள், அவளுக்கு வாய் ஓயாது என்று நினைத்தார். தம்ளரின் மேல் ஏடு படிந்துவிட்டது. அப்புறம்தான் உள்ளே ஒரு சத்தம். அவர் ஓடிப்போனபோது பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நவமணி முன் பெஞ்சில் நெற்றியை வைத்து, முழங்காலில், கைகளைக் கோத்து, ஜெபம் பண்ணுகிறவள் போலவே இருந்தாள். தொட்டார். கழுத்து சில்லென்று நனைந்திருந்தது. காரில் கொண்டுபோனார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர், வருத்தப்பட்டுக்கொண்டேதான் சொன்னார்: சர்க்கரை ரொம்ப இறங்கிப்போச்சு, கொஞ்சம் முன்னாடி யாராவது கவனிச்சு ஒரு கரண்டி சீனியை வாயில போட்டிருந்தாப் போதும். ஒரு கரண்டி சீனி. அவர் வெளியே வார்ப்பு நிறையக் கஞ்சி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஊருக்கே கஞ்சி.

பிறகுதான், அடக்கம் முடிந்து பல நாள் கழித்து, அன்று பின் பெஞ்சில் இருந்த மரகதம் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னது. மூன்றாம் வார்த்தையிலிருந்தே நவமணியக்கா எழவில்லையாம். நாலாம் வார்த்தையில் தொண்டையிலிருந்து கர்கர் என்று ஒரு சத்தம் வந்ததாம். மரகதம் கையை நீட்டித் தோளைத் தொடப் போயிருக்கிறாள். நவமணியின் பக்கத்திலிருந்த ரோஸ்லின் டீச்சர் கையைத் தட்டிவிட்டு, தொடாத, ஆவியில பெருமூச்சு விடுதா, ஆண்டவர் கிட்ட போராடிக்கிட்டு இருக்கா என்றாளாம். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டு, பக்தி பொங்கி, இன்னும் தாழ்வாகத் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அருமைநாயகம் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவர்களைவிடத் தெளிவாகப் பார்த்துவிட்டார். எத்தனையோ மத்தியானங்களில், எத்தனையோ விதமாக. ஒரு பெண்பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறாள், அவளைச் சுற்றி ஐம்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்கள், சாகிற சத்தத்தைக் கேட்டு ஆமென் சொல்கிறார்கள். வேறு எந்த இடத்திலாவது இது நடக்குமா? பஸ்ஸில் ஒருத்தி அப்படிச் சாய்ந்தால் கண்டக்டர் விசில் ஊதியிருப்பான். சந்தையில் சாய்ந்தால் கருவாட்டுக்காரி முகத்தில் தண்ணீர் அடித்திருப்பாள். சினிமாக் கொட்டகையில் சாய்ந்தால்கூட ஒரு குடிகாரன் சோடா வாங்கிக் கொடுத்திருப்பான். தேவனுடைய வீட்டில் மட்டும்தான் அது பரிசுத்தமாகத் தெரிந்தது. அதோடு விட்டார்களா? அடக்க ஆராதனையில் பாக்கியவதி என்றார்கள். பெரிய வெள்ளியில், உபவாசத்தில், முழங்காலில் போக யாருக்குக் கொடுத்துவைக்கும் என்றார்கள். சபையே முன்னின்று கல்லறைக்குக் கல் போட்டது, ஜெபத்தில் நித்திரையடைந்தாள் என்று வெட்டி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது என்ன தெரியும் அவருக்கு, தலையாட்டியிருப்பார். இப்போது அந்தக் கல்லைப் பார்த்தால் உளியை எடுக்கத் தோன்றுகிறது. நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் வந்தால் போதும், பக்கத்துச் சேகரத்துச் சபைகளில்கூட நவமணி கதை பிரசங்கமாகிவிடுகிறது. அவளுக்குப் பல் எத்துப்பல், சிரித்தால் கையால் மறைப்பாள், பிரசங்கம் நீண்டால் அவர் பக்கம் திரும்பிக் கண்ணை உருட்டுவாள், மீன் குழம்பில் தலை தனக்குத்தான் வேண்டும் என்று சண்டை போடுவாள். அந்தப் பெண்பிள்ளை எங்கே போனாள்? அவளை வழித்து எறிந்துவிட்டு, படத்தில் இருக்கிற மாதிரி ஒருத்தியை அந்தப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்துவிட்டார்களே.

காற்றடித்தது. ஆவி விலகிற்று. எப்சி அப்படியே இருந்தாள். நாலாம் வார்த்தைக்காரர் முடித்துவிட்டார் போலிருக்கிறது, பாட்டு எழும்பிற்று, எல்லோரும் எழுந்தார்கள், நின்றவர்களின் சேலைகளுக்குள் அவள் மறைந்துபோனாள். உட்காரட்டும். உட்கார்ந்ததும் தெரியும். பசி என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியுமா? இவர்கள் பசி மூன்று மணிக்கு மணி அடித்ததும் தீர்ந்துவிடுகிற பசி. அவர் வேறொரு பசியைப் பார்த்திருக்கிறார். பஞ்சாலை வாசலில், கதவடைப்பு சமயம், உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சங்கத்தில் பேர் கேட்டபோது முதலில் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். முதலாளியின் கார் உள்ளே போகும், வெளியே வரும், கண்ணாடி ஏற்றியிருக்கும். முதல் நாள் பசி வயிற்றில் இருந்தது. அப்புறம் அது வயிற்றை விட்டுத் தலைக்கு ஏறி, ஒரு கத்தி போலத் தெளிவாகிவிட்டது. யார் எதிரி, எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் ஒரு சந்தேகமும் கிடையாது. என் வயிற்றைப் பார், நீ செய்ததைப் பார் என்று ஒருவன் முகத்துக்கு நேரே காட்டுகிற பட்டினி அது. அங்கே நவமணி வந்தாள், எப்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவள் உதடு வெடித்திருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். பிள்ளைக்கு மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டு, அவளும் அத்தனை நாளும் ஒன்றும் தின்னவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. உனக்கு என்னடி கிறுக்கா, சங்கம் உன்னையா உட்காரச் சொன்னது என்று திட்டினார். அவள் சொன்னாள், "நீங்க முதலாளிமேல கோவிச்சிக்கிட்டு இருக்கீங்க. நான் யார்மேலயும் கோவிச்சிக்கிடல. உங்க கூட இருக்கேன், அவ்வளவுதான்." பெரிய வெள்ளிக்கும் அதைத்தான் சொல்வாள். சாப்பிடாமல் இருந்தால் ஆண்டவருக்கு என்ன லாபம் என்று அவர் சீண்டினால், லாபமெல்லாம் ஒண்ணுமில்ல, அவரு தனியாத் தொங்குதாரே, கொஞ்ச நேரம் கூட இருக்கேன் என்பாள், ஏதோ ஆஸ்பத்திரியில் கிடக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணை இருக்கப் போகிறவள் மாதிரி. ரொம்ப நல்லது. நீ கூட இருந்தாய். உன் தலை பெஞ்சில் சாய்ந்தபோது அவர் எங்கே இருந்தார்? அவருக்குப் பெஞ்சு தெரியவில்லையா? கண்ணாடி ஏற்றிய காரா அவருக்கும்?

அதனால்தான் நவமணி போனதிலிருந்து பெரிய வெள்ளியன்று அருமைநாயகமும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார். ஜனங்கள் நினைப்பது வேறு. பெண்டாட்டியின் பக்தி புருஷனைத் தொற்றிக்கொண்டது என்று குருவானவரே ஒரு நாள் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இது உபவாசம் இல்லை, ஐயா. இது வாசலில் உட்காருவது. ஆண்டவரே, வந்து பதில் சொல், சொல்கிற வரைக்கும் உன் நாளில் உன் வீட்டு வாசலில் ஒரு பருக்கை தின்னமாட்டேன். உன் ஜனத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன், கையால் கிண்டுகிறேன், வாயில் வைக்கமாட்டேன். வருஷா வருஷம் சாயங்காலம் வரை அப்படி உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய், பதில் வராத எரிச்சலோடு படுத்துக்கொள்வார். மறுநாள் தின்பார். இது யோபுவுக்குக்கூடத் தெரியாது. அவன் நாற்பது வயசுக்காரன், பெயிண்டர், கஞ்சி வேலைக்கு வருஷா வருஷம் வந்துவிடுவான். அவன் கவலையெல்லாம் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் காணத் துவையல் பத்துமா என்பதுதான். "அண்ணாச்சி, பதம் வந்துட்டு. எறக்கி மூடிப்போடுவமா? முடிவு ஜெபத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு." முடிவு ஜெபம். அது ஆகும் வரைக்கும் வார்ப்பைத் திறக்கக் கூடாது, ஒரு கரண்டி எடுக்கக் கூடாது. ஒரு வருஷம் ரோட்டில் தார் போடுகிறவர்கள் வந்து கேட்டபோது செயலாளர் கும்பிட்டு, மூணு மணிக்கு வாங்கய்யா என்று அனுப்பிவிட்டார். அவர்கள் வரவில்லை. நவமணி அதற்காக அன்று வீட்டில் எவ்வளவு கத்தினாள். பசிச்சவனுக்குச் சோற்றைப் பகிர்ந்து கொடுக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச உபவாசம்னு வேதத்துல எழுதியிருக்கிறதை இவங்க என்ன பாக்கு மடிக்கவா வச்சிருக்காங்க என்றாள். அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. தெரிந்துமா மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தாய், நவமணி? அவள்மேலேயே கோபம் திரும்பிற்று. அதுவும் புதிதில்லை. கோபம் வார்ப்புக்குள் துடுப்பு சுற்றுகிற மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுத் தொட்டுவிட்டு, கடைசியில் அவளிடம் வந்து நிற்கும், அங்கே நிற்க முடியாமல் மறுபடியும் கிளம்பும்.

ஜனம் உட்கார்ந்தது. எப்சியின் பின்கழுத்து தெரிந்தது. அதே இடம், அதே சாய்வு. குழாயில் தொண்டையைச் செருமும் சத்தம், ஐந்தாம் வார்த்தை. தாகத்தைப் பற்றியது. எப்போதும் பெண்கள் சங்கத்துக்கு ஒதுக்குவது, ரோஸ்லின் டீச்சர்தான். நல்ல குரல், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல். ஆண்டவருடைய தாகம் தண்ணீருக்கான தாகம் அல்ல, ஆத்துமாக்களுக்கான தாகம் என்றாள். அருமைநாயகத்துக்குத் துடுப்பு கையில் இறுகிற்று. தண்ணீருக்கான தாகம் இல்லையாமே. ரத்தம் வடிந்து வெயிலில் தொங்குகிறவனுக்கு நாக்கு வறளாதா? அவன் வாய்விட்டுக் கேட்டதே அது ஒன்றுதான், அதையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை மிச்சம். பிறகு அவர் காத்திருந்தது வந்தது. நம்ம சபையிலேயே ஒரு தாயார் இருந்தார்கள் என்று டீச்சரின் குரல் இறங்கிக் குழைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாவு உலர்ந்து போகுமட்டும் ஆண்டவரோடு போராடினார்கள். அவர்கள் பெருமூச்சை நான் என் காதால் கேட்டேன். குழாய் வழியாக அந்தப் பேச்சு ஊர் முழுவதும் கேட்டது. தெருவிலே நிற்கிற ஆட்டுக்கும் கேட்டிருக்கும். அந்தத் தாயாருடைய மகள், இதோ, அதே இடத்தில், அதே முழங்காலில் என்றாள் டீச்சர். பெண்கள் தலை ஒவ்வொன்றாகத் திரும்பிற்று. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கையை நீட்டவில்லை. எல்லோரும் எப்சியைப் பார்த்தார்கள், ஒருத்திகூட எப்சியைப் பார்க்கவில்லை. காற்று நின்றுவிட்டது, ஆவி மறைத்தது, அவருக்கு அந்த ஆவியில் ஒரு கர்கர் சத்தம் கேட்டது, குழாயிலிருந்தா, கொதிக்கிற கஞ்சியிலிருந்தா, தன் தொண்டையிலிருந்தா தெரியவில்லை. துடுப்பை விட்டார். தம்ளரை எடுத்து வார்ப்புக்குள் விட்டு மொண்டார், விரல் சுட்டது. யோபு பதறிப்போய் முன்னால் வந்து, அண்ணாச்சி இன்னும் ஜெபம் ஆகல, அண்ணாச்சி யாரும் பாத்தா என்று தடுக்கப் பார்த்தான். அருமைநாயகம் அவனைத் தோளால் தள்ளிவிட்டு நடந்தார்.

வெயிலிலிருந்து உள்ளே வந்ததால் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். பெண்கள் பக்கம் ஆண்பிள்ளை நுழைந்ததும் சேலைகள் ஒதுங்கின, கால்கள் மடங்கின, ஒரு சலசலப்பு. டீச்சர் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். அவர் பெஞ்சுக்கு இடையில் பக்கவாட்டில் நகர்ந்து போய்க் குனிந்தார். எப்சி என்றார். ஏட்டி எப்சி. கையை அவள் பின்கழுத்தில் வைத்தார். சில்லென்று இருக்கும் என்று கை தயாராக இருந்தது. சூடாக இருந்தது, வேர்வையும் சூடும், உயிருள்ள தோல். எப்சி மெல்லத் தலையைத் தூக்கினாள். நெற்றியில் பெஞ்சு விளிம்பு பதிந்து ஒரு சிவப்புக் கோடு. கண் தெளிவாக இருந்தது, கண்ணீர்கூட இல்லை. அவள் வாயைத் திறந்ததும் அவருக்கு முதலில் வந்தது வார்த்தை இல்லை, வாசனை. மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். "சாப்பிட்டேம்ப்பா," என்று உதடு அசையாமல் சொன்னாள். "நீங்க போனதும் உக்காந்து தின்னுட்டுத்தான் வந்தேன்." பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பின்னே எதுக்குட்டி இப்படிக் கெடக்க என்று கேட்டது தனக்கே கேட்கவில்லை. அவள் கண் ஒரு சுற்று சுற்றி வந்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "எல்லாரும் பாக்காங்கப்பா. அம்மா மாதிரி இருப்பேன்னு பாக்காங்க. எந்திரிச்சா தின்னது முகத்துல தெரிஞ்சிரும்னு பயமா இருந்து."

அவருக்குள் நாலு வருஷமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்து முட்டிற்று. தன் வீட்டு மேசையில் தன் அப்பன் அவித்த இட்லியை, கதவைச் சாத்திக்கொண்டு, திருடித் தின்கிற மாதிரி என் பிள்ளையைத் தின்ன வைத்துவிட்டீர்களே. சாகடித்தது ஒன்று, இது ஒன்று. டீச்சர் ஒலிவாங்கியில், சகோதரனே, பிள்ளை விரதம் முழுமையா நிறைவேறட்டும், இன்னும் கொஞ்ச நேரந்தானே, கஞ்சியை எடுத்துட்டுப் போங்க என்று பரிவோடுதான் சொன்னாள். இப்போது அவர் தம்ளரோடு திரும்பிப் போனால் போதும். கதை இன்னும் பெரிதாகிவிடும். அப்பன் கொண்டுவந்து நீட்டியும் தொடாதவள் என்று அடுத்த லெந்தில் இவளும் பிரசங்கத்தில் வருவாள். அது எப்சிக்கும் தெரிந்தது; அவள் அவரையே பார்த்தாள். அருமைநாயகம் நிமிர்ந்தார். சொல்ல வேண்டியதைத் தனியாக இருக்கும்போது எவ்வளவோ நீளமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார், மரகதத்தின் பெயரோடு, டாக்டரின் பெயரோடு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. வந்தது கொஞ்சந்தான். "டீச்சர், நவமணி ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கல. மயங்கிக் கெடந்தா. அது பெருமூச்சு இல்ல. அவளுக்குப் பசி." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கோயில் முழுவதும் கேட்டது. டீச்சரின் கை வேதப்புத்தகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒலிவாங்கி அணையாததால் அவள் மூச்சு மட்டும் குழாய் வழியாக வெளியே போய் ஊரில் விழுந்தது, ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த மூச்சைக் கேட்டபோது, இவளுக்கும் தெரியும், எப்போதோ தெரிந்துவிட்டது, அதனால்தான் வருஷா வருஷம் விடாமல் அந்தக் கதையைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றிற்று. அப்படித் தோன்றியது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள்மேல் கோபப்படுவது அதனால் சிரமமாகிவிடும்.

எப்சி எழுந்து நின்றாள். எல்லோருக்கும் தெரியும்படி முக்காட்டைத் தள்ளிவிட்டு, அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கினாள். வயிறு நிறைந்தவள் அவள். கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தது. மருந்து குடிக்கிற மாதிரி, ஊதி ஊதி, ஒவ்வொரு வாயாக, முடிவு ஜெபம் ஆகாத கஞ்சியைச் சபை நடுவில் நின்று குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்தார். பின் பெஞ்சில் யாரோ, ஐயோ என்றாள். யாரோ உஸ் என்றாள். அவளைப் பற்றி இனி என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பாதித் தம்ளர் வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியை அவர் பக்கம் நீட்டினாள். "இது உங்களுக்கு. நீங்க காலைல தண்ணிகூடக் குடிக்காமப் போனதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவர் வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் பலிபீடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கறுப்புத் துணி போட்டு மூடிய சிலுவை, அதன்மேல் ஒரு பல்லி. பதில் ஒன்றும் வரவில்லை. வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை, ஆனாலும் ஒரு நிமிஷம் காத்து நின்றார். பிறகு, பெண்கள் பக்கம் என்று பார்க்காமல், மகளுக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து தம்ளரை வாங்கிக்கொண்டார். குருவானவர் எழுந்து ஆறாம் வார்த்தையை வாசிக்கத் தொடங்கினார். கோபம் தீரவில்லை. அப்படியேதான் இருந்தது. அதோடுதான் குடித்தார்.